நான்கு விரற்கடை ஆங்கிலம்

சுருதிக்காரி ஆங்கிலம் படித்த ஒரே ஆண்டில், அவள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம் நான்கு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியது. வாசலின் முதல் படியில் பாதி காணாமல் போயிற்று. தரைத்தளத்தில் பூட்டுக்கடை வைத்திருந்தவரின் கதவு நடைபாதையில் இடித்து, பாதிக்கு மேல் திறக்க மறுத்தது. நகராட்சிப் பொறியாளர் வந்து நூல் பிடித்துப் பார்த்தார், சுவரில் காதை வைத்துத் தட்டினார், இரண்டாம் மாடிக்கு ஏறிச் சுருதிக்காரியின் வீட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். கீழே வந்து படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகராட்சியில் யாரும் அதைத் துருவிக் கேட்கவில்லை. அந்த வாரமே வேறொரு தெருவில் ஒரு வீட்டின் நிழல் மறுபக்கம் விழத் தொடங்கியிருந்தது. அதற்கான படிவம் இதைவிட நீளம்.

அந்த ஊரில் எல்லாரும் பிரெஞ்சு பேசுபவர்கள். சுருதிக்காரியும் ஐம்பத்து மூன்று வயதுவரை வேறு மொழியின் வாசலை மிதித்ததில்லை. பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவள் தொழில். பள்ளிக்கூடங்கள், நடன வகுப்புகள், பியானோ இருந்தும் வாசிக்க ஆளில்லாத வீடுகள் எல்லாவற்றுக்கும் தோல்பையைத் தூக்கிக்கொண்டு போவாள். எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஒரே அழுத்தத்தில் தட்டுவாள். ஒன்றை ஓங்கித் தட்டி ஒன்றை மெல்லத் தட்டினால் காது ஏமாந்துவிடும் என்பது அவள் பாடம். முப்பது வருடம் அப்படித் தட்டியதில் அவள் நடையும் அப்படியே ஆகிவிட்டது, மாடிப்படி ஏறுவதும் அப்படித்தான். அவள் வருகிறாளா என்று பூட்டுக்காரர் எட்டிப் பார்த்ததே இல்லை. படிச் சத்தம் கடிகாரம் போல இருந்தால் அவள்தான். வேலையின்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். கட்டைக்கு ஓர் அசை என்று அதுவும் கணக்காக விழும்.

அவளுக்கு ஓர் அக்கா. கடலுக்கு அப்பால், ஆங்கிலம் பேசும் நாட்டில், ஒரு தபால்காரரைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடமாக இருந்தாள். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். ஒரு வியாழக்கிழமை அக்கா திரைச்சீலை மாட்ட முக்காலியில் ஏறியவள் விழுந்து தலையில் அடிபட்டாள். ஒன்பது நாள் கழித்துக் கண் விழித்தபோது ஆங்கிலம் இருந்தது, பிரெஞ்சு இல்லை. மற்றபடி நன்றாக இருந்தாள். கணவரை அடையாளம் தெரிந்தது, அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, மழைக்கு முன் துணியை எடுக்கத் தெரிந்தது. அந்த ஞாயிறு தங்கை போன் செய்தபோது, அதே குரல், சிரித்தால் கடைசியில் கொஞ்சம் உடையும் அதே குரல், அவளிடம் ஆங்கிலத்தில் மரியாதையாக ஏதோ கேட்டது. யார் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். சுருதிக்காரி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.

அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் ஆங்கிலம் அறிந்தவர். அவர்தான் படித்துச் சொன்னார். போன மொழி திரும்பி வராதாம். அந்த மொழியில் நடந்தவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றனவாம். அம்மாவின் முகம் போய்விட்டது, அப்பா ஓட்டிய பேருந்தின் நிறம் போய்விட்டது. ஒரு வருடத்துக்குள் யாராவது அவளுக்குத் தெரிந்த மொழியில் அவளுடைய சின்ன வயதைச் சொல்லிச் சேர்த்தால்தான் உண்டு, அதற்குப் பிறகு சொன்னாலும் ஒட்டாது என்று மருத்துவர் சொன்னாராம். அம்மா, அப்பா இருவரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆக, அக்காவின் முதல் பதினெட்டு வருடம் இப்போது ஒரே ஒரு தலைக்குள் மட்டும் இருந்தது. சுருதிக்காரி முதலில் மருந்துக்கடைக்காரரைக் கொண்டே ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். நல்ல கதை அனுப்பியதற்கு நன்றி என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டிய மருந்துக்கடைக்காரர், அவளிடம் தலைவலி மாத்திரை ஒன்றைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

ஊரில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவள் ஒருத்திதான் இருந்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண். வயது முப்பதுகூட இருக்காது, எந்நேரமும் ஈரத் தலை. பிரெஞ்சை அவள் வளைத்து உடைத்துப் பேசினாலும் கூச்சமே இல்லாமல் பேசுவாள். குளத்தை மூடிய பிறகு, மதியம் இரண்டு மணிக்கு, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பாடம் நடந்தது. முதல் பாடம் மூச்சு. ஹவுஸ், ஹேப்பி, ஹாஸ்பிடல் என்று நீச்சல்காரி சொன்னாள். அவுஸ், ஆப்பி, ஆஸ்பிடல் என்று சுருதிக்காரி சொன்னாள்.

“ஊதணும் மேடம். சொல்லோட தலையில மூச்சு இருக்கு. நீங்க தலையைச் சீவிட்டு முண்டத்தை மட்டும் கொடுக்குறீங்க.”

“எங்க பாஷைல மூச்சை எல்லாம் இப்படி வாரி இறைக்க மாட்டோம்மா.”

நீச்சல்காரி அவளிடம் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து அனுப்பினாள். சுடரை முகத்துக்கு நேரே வைத்து ஹவுஸ் சொல்ல வேண்டும், சுடர் ஆட வேண்டும். சுருதிக்காரி ஆறு வாரம் சொன்னாள். சுடர் வரைந்து வைத்தது போல நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் நின்றது. மேசை மின்விசிறியை வைத்துப் பார்த்தபோதும் நின்றது. ஒரு வேகத்தில் அவள் மெழுகுவத்தியைக் குழாயடியில் காட்டினாள். சுடர் தண்ணீருக்குள்ளும் அசையாமல் எரிந்தது. ஏழாவது வாரம் தானாகவே லேசாக நடுங்கியது. அன்று அவள் தனக்குத்தானே தேநீர் போட்டுக் குடித்தாள்.

நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டி ஒலிக்க வேண்டிய சொற்கள் அடுத்து வந்தன. சின்ன வயதில் நாக்கை நீட்டினால் அம்மா வாயிலேயே ஒன்று வைப்பாள். அந்தப் பயம் ஐம்பத்து மூன்று வயதிலும் நாக்கை உள்ளே இழுத்தது. பிறகு பொருள்கள் கோபித்துக்கொண்டன. அவள் மொழியில் மேசையும் அலமாரியும் பெண்கள், கட்டிலும் பியானோவும் ஆண்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ‘அது’ ஒன்றுதான். அவள் வீட்டில் நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் தொட்டு ‘அது’ ‘அது’ என்று பழகியதில், அலமாரி நான்கு நாள் திறக்கவில்லை. கட்டிலின் கால் ஒன்று வேண்டுமென்றே ஆடியது. பெண்ணே என்று பிரெஞ்சில் கூப்பிட்டுத் தடவிக் கொடுத்த பிறகே அலமாரி வழிக்கு வந்தது. அவள் அதிலிருந்து ஒரு மாற்றுடை எடுத்துக்கொண்டு அவசரமாக மூடினாள்.

தெரிந்த முகமாக வந்த சொற்கள்தான் அதிகம் காலை வாரிவிட்டன. ஒருநாள் லைப்ரரியில் சந்திக்கலாம் என்றாள் நீச்சல்காரி. சுருதிக்காரியின் மொழியில் அந்த முகமுள்ள சொல்லுக்குப் புத்தகக் கடை என்று அர்த்தம். இவள் கடை வாசலில் நின்றாள், அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள், மழை இரண்டு இடத்திலும் பெய்தது.

“பாதிச் சொல் உங்க வீட்டுப் பொண்ணுங்கதான் மேடம்,” என்றாள் நீச்சல்காரி மறுநாள். “கட்டிக்கொடுத்து ஆயிரம் வருஷம் ஆச்சு. இப்ப எல்லாம் புகுந்த வீட்டு நடை, புகுந்த வீட்டுப் பேச்சு. எதிர்ல வந்தா நீங்க அடையாளம் கண்டுக்குவீங்க. அதுங்க உங்களைக் கண்டுக்காது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சுருதிக்காரி தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்று பாடம் அத்துடன் முடிந்தது.

எடை விஷயம் இரண்டாம் மாதத்தில் தெரியவந்தது. சுருதிக்காரி சொன்ன ஆங்கிலச் சொற்கள் குளத்தில் கற்களாய் டப் டப் டப் டப்பென்று விழுந்தன. பயறளவு, சாம்பல் நிறம், வழவழப்பு, அசைக்கு ஒன்று. நீச்சல்காரியின் சொற்களும் விழுந்தன, ஆனால் வேறு மாதிரி. அவள் கம்ஃபர்டபிள் என்று சொன்னால், முதலில் பொத்தான் அளவுக்கு ஒரு கல் ‘ப்ளக்’ என்று விழும். மீதியெல்லாம் மாவு போலத் தண்ணீர் மேல் படர்ந்து கரைந்துவிடும். சுருதிக்காரி சொன்னால் நான்கு கல், நான்கும் ஒரே எடை. பூட்டுக்காரர் தம் கடைத் தராசில் வைத்துப் பார்த்து, மயிரிழைகூட வித்தியாசமில்லை என்று உறுதி சொன்னார்.

“எல்லா அசையையும் ஒரே மாதிரி கவனிச்சுக்குறீங்க,” என்றாள் நீச்சல்காரி. “ஒண்ணைத் தலையில தூக்கி வச்சு ஆடணும். மத்ததை முழுங்கிடணும்.”

“பாவமில்லையா?”

“பாவம் பார்த்தா இங்கிலீஷ் வராது மேடம். நீங்க பேசுறது எனக்கு ஊசியில நூல் கோக்குற மாதிரி இருக்கு. எது பெருசுன்னே தெரியல. எங்க ஆளுங்க பெரிய கல்லை மட்டும்தான் கேப்பாங்க. மிச்சம் எல்லாம் புகை.”

வீட்டில் அவள் காலையும் மாலையும் பழகினாள். கற்கள் தரையில் உருண்டன, கட்டிலடியில் ஒதுங்கின, செருப்புக்குள் புகுந்தன. பாடுபட்டுச் சொன்ன சொல்லைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பிஸ்கட் டின்களில் நிரப்பினாள். டின் தீர்ந்தபின் வாளிகளில், வாளி தீர்ந்தபின் குளியல் தொட்டியில். ஐந்தாம் மாதம் கட்டடம் முதல் விரற்கடை இறங்கியது. பூட்டுக்காரர் மாடிக்கு வந்து கதவைத் தட்டினார்.

“ஏம்மா, உலகத்துல எத்தனையோ பாஷை இருக்கு. எடை கம்மியா ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?”

“அக்காகிட்ட பேசணும்ணே.”

பூட்டுக்காரர் கீழே போய்க் கதவின் அடிப்பகுதியை இழைப்புளியால் இழைக்கத் தொடங்கினார். கட்டடம் இறங்க இறங்க அவர் மூன்று முறை இழைத்தார்.

பதினோராம் மாதத்தில் சுருதிக்காரி முழுங்கக் கற்றுக்கொண்டாள். அதற்கு அவள் கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கை சும்மா இருந்தால் விரல்கள் தொடையில் சமமாகத் தட்டத் தொடங்கிவிடும், வாயும் அதன்பின் போய்விடும். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நீச்சல்காரி சொன்னபடி ஒன்றைத் தூக்கி மற்றதை முழுங்கினாள். ஒருநாள் கம்ஃபர்டபிள் ஒரே கல்லாக விழுந்து மீதி மாவாகப் பறந்தது. நீச்சல்காரி துணியோடு குளத்தில் குதித்து அந்தக் கல்லை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். சொல்ல வேண்டியவற்றை எல்லாம் இருவரும் சேர்ந்து எழுதி, ஒவ்வொரு வரியிலும் எந்த அசை பெரிது என்று சிவப்பு மசியால் புள்ளி வைத்தார்கள். மருத்துவர் சொன்ன வருடம் முடிய இருபது நாள் இருந்தபோது சுருதிக்காரி கப்பல் ஏறினாள். வேலைக்காகப் போகவில்லை என்றாலும் பழக்கத்தில் தோல்பையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா வீட்டு வாசலில் அத்தான் தபால்காரச் சீருடையிலேயே நின்றிருந்தார். அக்கா நரைத்து இளைத்திருந்தாள். கைகுலுக்கி, பயணம் எப்படி இருந்தது என்று கேட்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரச் சொன்னாள். விருந்தாளிக்குச் செய்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மறுநாள் காலை சுருதிக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சலவைக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். தரைப் பலகை இடுக்கு வழியாக ஏறி வரும் சோப்பு நீராவி. குளிர்காலத்தில் அந்த இடுக்கின் மேல் இருவரும் போர்வையோடு படுத்துக்கொண்டது. அப்பா பேருந்தைத் தெருமுனையில் நிறுத்தி, இவர்களுக்காக இரண்டு முறை ஹாரன் அடித்தது. நான்கு நாள் சொன்னாள். பெரிய கற்கள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன, மாவு பறக்க வேண்டிய இடத்தில் பறந்தது. அத்தானுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. சில இடங்களில் அவர் மூக்கைச் சிந்தினார். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான்காம் நாள் மாலை தங்கையின் கையைத் தொட்டு அன்பாக ஆங்கிலத்தில் சொன்னாள்:

“உங்க சின்ன வயசு ரொம்ப அழகா இருந்திருக்கு.”

சுருதிக்காரி நன்றி என்றாள். பல்லுக்கு நடுவே நாக்கை நீட்டி, மிகச் சரியாகச் சொன்னாள். பிறகு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

அங்கே அத்தானின் அம்மா காலத்துப் பியானோ ஒன்று சுவரோரம் கிடந்தது, மேலே பழைய செய்தித்தாள்கள். சுருதிக்காரிக்கு அழத் தோன்றியது. ஆனால் அவளுக்கு அழுகை வந்தால் கை வேலையைத் தேடும். செய்தித்தாள்களை இறக்கி வைத்தாள், மூடியைத் திறந்தாள், தோல்பையிலிருந்து திருகுசாவியை எடுத்தாள். கம்பிகள் பத்து வருடமாவது காது படாமல் கிடந்திருக்கும். நடுக் கட்டையிலிருந்து தொடங்கினாள். தட்டு, திருகு, தட்டு. கொஞ்ச நேரத்தில் வாய் வழக்கம்போல முணுமுணுக்கத் தொடங்கியது. ஒரு வருடப் பழக்கத்தில் முணுமுணுப்பும் ஆங்கிலமாகவே வந்தது. ஆனால் கைகள் கட்டப்படாமல் இருந்தன. கட்டைக்கு ஓர் அசை, ஓர் அசைக்கு ஒரு கல். எதுவும் பெரிதில்லை, எதுவும் முழுங்கப்படவில்லை. கற்கள் பியானோவின் விளிம்பில் சமமாக விழுந்து, வரிசையாக உருண்டு தரைக்கு இறங்கின.

அவள் முணுமுணுத்தது சிவப்புப் புள்ளி வைத்த தாள்களில் இல்லாத ஒன்று. அவளுக்கு ஐந்து வயதில் ஒருநாள் மூச்சு முட்டிப் போயிற்று. வீட்டில் பெரியவர்கள் இல்லை. பத்து வயது அக்கா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு ஓடினாள். ஒரு காலில்தான் செருப்பு. வழியில் கண்ணாடித் துண்டு குதிகாலில் ஏறியது. அக்கா நிற்கவில்லை. மருத்துவர் வீட்டு வாசலில் தங்கையை இறக்கி வைத்த பிறகுதான் உட்கார்ந்து காலைப் பார்த்தாள்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொற்கள் அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தன என்று அத்தான் பின்னால் சொன்னார். அவருக்கோ ஒன்றுமே புரியவில்லையாம். யாரோ மாடிப்படி இறங்குவது போல இருந்ததாம். அக்கா கதவு நிலையில் விரலால் தட்டினாள். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. எதையும் தூக்காமல், எதையும் விழுங்காமல். சுருதிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதே வரிகளை மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்தாள். அக்கா மெல்ல நடந்து வந்து, பக்கத்தில் கிடந்த செய்தித்தாள் கட்டின்மேல் உட்கார்ந்து, இடது செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் வெள்ளையாக ஒரு தழும்பு. இருபத்தாறு வருடமாக அத்தான் பார்த்து வந்தது. ஒரு வருடமாக ஏன் என்று அவளுக்கே தெரியாமல் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், ஒவ்வோர் அசையாக, எல்லாம் ஒரே கனத்தில்:

“டாக்டர் வீட்டு வாசல்ல ஒரு நாய். அதுக்கு மூணு கால்.”

அவள் வாயிலிருந்து விழுந்த கற்கள் தங்கையின் கற்களோடு கலந்தன. இருபத்தாறு வருடத்தில் அவள் பேச்சில் அப்படி ஒன்று விழுந்து அத்தான் பார்த்ததில்லை.

சுருதிக்காரிக்கு அந்த நாய் மறந்தே போயிருந்தது. சொன்ன பிறகுதான் அதன் பழுப்பு முதுகு, நொண்டி நொண்டி வந்து தன் காலை முகர்ந்தது எல்லாம் எங்கிருந்தோ எழுந்து வந்தது. திருகுசாவியைக் கீழே வைத்தாள்.

“பேர் என்ன அதுக்கு?” என்று கேட்டாள், அதே கனத்தில்.

“உன்னோட பேரைத்தான் வச்சிருந்தாங்க. நீ அழுத, அதுக்கு.”

பிறகு அக்கா சிரித்தாள். சிரிப்பு கடைசியில் கொஞ்சம் உடைந்தது.

மீதி இருந்த பதினைந்து நாளும் காலையிலிருந்து மாலைவரை இருவரும் பியானோ அருகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு வருடத்தில் முக்கால்வாசி மீண்டது. அம்மாவின் முகம் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வந்தது, முதலில் காது, பிறகு மற்றது. பேருந்தின் நிறம் வரவே இல்லை; பச்சை என்று வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். பிரெஞ்சு திரும்பவில்லை, ஒரு சொல்கூட. அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம்தான், ஆனால் ஆங்கிலக்காரர்கள் யாருக்கும் புரியாத ஆங்கிலம். பக்கத்து வீட்டுக்காரி அது எந்த நாட்டு மொழி என்று அத்தானிடம் விசாரித்தாள்.

சுருதிக்காரி ஊர் திரும்பினாள். ஞாயிறு பத்து மணிக்குத் தொலைபேசி பழையபடி அடிக்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு நீச்சல்காரி வந்திருந்தபோது அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒரு வருஷமா சொல்லிக்கொடுத்தது அத்தனையும் தண்ணியில போச்சே மேடம்! என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?”

“நாயைப் பத்தி,” என்றாள் சுருதிக்காரி போனைக் கையால் மூடிக்கொண்டு. நீச்சல்காரி தரையில் விழுவதைக் கால் படாமல் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பேச்சு முடியும்வரை காத்திருந்தாள்.

கடலுக்கு அந்தப் பக்கம், அக்கா போனை வைத்த பிறகு, அத்தான் துடைப்பமும் முறமும் எடுத்து வருவார். முதல் வருடம் என்ன செய்வதென்று தெரியாமல் கற்களை மூட்டை கட்டிவைத்தார். இரண்டாம் வருடம் வாசலிலிருந்து தெருக்கதவுவரை மண்ணைக் கொத்தி எல்லாவற்றையும் பரப்பினார். எல்லாம் ஒரே அளவு என்பதால் நன்றாகப் படிந்தது. ஈர நாட்களில் தபால் பையோடு இறங்கும்போது கால் வழுக்குவதில்லை என்று அவர் சொன்னார்.